கசக்காத சொட்டு

அத்தியாயம் 4

"அஞ்சு மணிக்குள்ள யாருன்னு சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னாலும் அஞ்சு மணிக்கு அவ வெளிய போயிருவா. பெட்டி கட்டியாச்சு."

கட்டிங் மாஸ்டர் இதைச் சொன்னபோது மணி மூன்றேகால். தையற்கூடத்து வாசலில், இடது ஓரமாக, ஒரு நீலப் பெட்டி நின்றிருந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவரும் அவர்தான். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டுமாம்.

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? பெட்டி தூக்கவா?" என்றான் டிக்கெட்.

டிக்கெட் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். ஒரு மேலதிகாரியை வாயாலேயே பாதி வழியில் இறக்கிவிட்டதால் வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தபால் மேடம், இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் விலாசம் புரியாத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, உரியவர் யார் என்று கண்டுபிடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து அனுப்பிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கடிதங்களுக்குப் பதிலாக மனிதர்களைப் பிரித்துப் பார்க்கிறார். மறுபடி மடித்து வைப்பதில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றார் தபால் மேடம்.

"எனக்குக் கண்ணுல பிரஷர். மூணு வருஷமா. ராத்திரி ஒரு சொட்டு போடுறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி டாக்டர் ரெண்டாவதா ஒண்ணு எழுதினாரு. காலையில ஏழு மணி, சாயங்காலம் ஏழு மணி. அது போட்டதும் பிரஷர் கிடுகிடுன்னு இறங்குச்சு. அப்புறம் ஏறுச்சு. இன்னைக்குக் காலையில போனா டாக்டர் என்னைத் திட்டுறாரு. 'ஒழுங்கா மருந்து போடலை, இடது பக்கப் பார்வை சுருங்கிருச்சு, போனது திரும்ப வராது'ங்கறாரு. ஒரு வேளை தவறாம போட்டுட்டு வர்ற என்னை."

பேசப்பேச அவர் குரல் ஏறியது. பன்னிரண்டு மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பள்ளிச் சீருடை தைக்கிற கூடம் அது. வெட்டுகிற மேஜை நடுவில், தேய்க்கிற மேஜை ஜன்னலோரம், மடித்து அட்டையில் போடுகிற மேஜை கடைசியில். மாடியில் வீடு.

"என்ன வேடிக்கை? தைங்க" என்று மாஸ்டர் அதட்டினார். மிஷின்கள் மறுபடி ஓடின.

"யாரு ஊத்திவிடுறது?" என்றார் தபால் மேடம்.

"மருமகதான். பையன் கப்பல்ல இருக்கான். எனக்குக் கை நடுங்கும், துளி கன்னத்துல விழும். அவ கையிலதான் பாட்டில். இப்பப் புரியுதா? எனக்குக் கண்ணு போச்சுன்னா கத்திரி அவ கைக்குப் போகும். இப்பவே யாரும் இல்லாதப்போ துணியை விரிச்சுக் கோடு போட்டுப் பார்க்கிறா."

"மருந்துல தண்ணி கலந்துட்டாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல. தெரியும். ஆரம்பத்துல அதை ஊத்தினா கண்ணு எரியும். கொஞ்ச நேரத்துல தொண்டையில கசக்கும். இப்போ ஆறு மாசமா எரியவும் இல்ல, கசக்கவும் இல்ல."

"கண்ணுல ஊத்தினது தொண்டையில எப்படிங்க கசக்கும்? ரூட்டு மாறிப் போகுதே" என்றான் டிக்கெட்.

"கண்ணோட உள்மூலையில மூக்குக்கு வழி இருக்கு. அதான் ஊத்தினதும் கண்ணை மூடி அந்த மூலையை ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும். இல்லைன்னா கண்ணுக்குப் போட்டது உடம்பு முழுக்கப் போயிரும்" என்றார் தபால் மேடம். "நானும் ஏழு வருஷமா ஊத்துறேன். நீங்க அழுத்துவீங்களா மாஸ்டர்?"

"அதுக்கெல்லாம் யாருக்கு நேரம்? பன்னெண்டு பேருக்கு வேலை கொடுக்கணும்." மாஸ்டர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். மேஜையிலிருந்த சாக்குக்கட்டித் தகர டப்பாவை எடுத்துக்கொண்டார். "இருங்க, வர்றேன்."

பின்கட்டுக் குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. போகிறபோது இடது தோள் கதவு நிலையில் நன்றாக இடித்தது. அவர் நிலையைத் திட்டிவிட்டுப் போனார்.

"சாக்குக்கட்டி டப்பாவோட பாத்ரூம் போறாரு மேடம். உள்ள சுவத்துக்கும் அளவு எடுப்பாரோ?"

தபால் மேடம் சிரிக்கவில்லை. அவர் என்றைக்குச் சிரித்தார்.

ஜன்னலோரம் தேய்க்கிற மேஜையில் நின்றவர் மாஸ்டரின் மனைவியின் தம்பி. அக்கா இறந்து ஐந்து வருடம் ஆகியும் அத்தான் வீட்டில்தான் இருக்கிறார். கூடத்தில் எல்லாரும் அவரை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

"நீங்க ஏதாவது கலந்தீங்களா?" என்று தபால் மேடம் நேராகவே கேட்டார்.

"இல்ல. யோசனை வந்திருந்தா கலந்திருப்பேன்." இஸ்திரி ஒரு காலரை வைத்து அழுத்தினார். ஆவி சீறியது. "மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தக் கூடத்துல ரெண்டு கத்திரி. ஒண்ணு அத்தான் கையில, இன்னொண்ணு என் கையில. எனக்கு இளைப்பு வந்துச்சு. துணிப் பஞ்சு ஒத்துக்கல. மூச்சு வாங்குற ஆள் வெட்டினா கோடு கோணும்னு, அத்தனை பேர் முன்னாடி என் கையில இருந்து கத்திரியைப் பிடுங்கினாரு. அன்னையில இருந்து இந்த மேஜை."

இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வாயில் வைத்து உறிஞ்சுகிற நீல நிற இளைப்பு மருந்து பகிரங்கமாக நின்றிருந்தது.

"அவருக்குக் கண்ணு போனா உங்களுக்குச் சந்தோஷமா?"

"பாதி. முழுசாப் போனா நான் சட்டை தேய்க்கிற அழகை அவரு எப்படிப் பார்ப்பாரு?"

"ஆளு நம்ம ஆளு மேடம்" என்றான் டிக்கெட்.

கடைசி மேஜையில் மருமகள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. இரண்டு பக்கமும் உள்ளே, கைகள் கீழே, அடிப்பாதி மேலே, உள்ளங்கையால் ஒரு தட்டு. அடுத்த சட்டை. இரண்டு பக்கமும் உள்ளே, அடிப்பாதி மேலே, ஒரு தட்டு.

"என் பெட்டி வாசல்ல நிக்குது. என்கிட்ட இன்னும் என்ன கேக்கணும்?"

"எப்படி ஊத்துவேன்னு சொல்லு."

"கையைக் கழுவுவேன். தலையைச் சாய்க்கச் சொல்லுவேன். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு. பாட்டில் மூக்கு கண்ணுல படாது. ராத்திரி சொட்டும் சாயங்காலச் சொட்டும் சேர்ந்து வராது, நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்கும். பாட்டிலைத் திறந்த தேதியை டேப்புல எழுதி ஒட்டுவேன். நாலு வாரம் ஆனா தூக்கிப் போட்டுருவேன். ஒரு வேளை தவறினது இல்ல."

"நர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாம்" என்றான் டிக்கெட்.

"போயிருக்கலாம். இங்கே வந்து சேர்ந்தேன்."

"எதை ஊத்தினே?" என்றார் தபால் மேடம்.

உள்ளங்கைத் தட்டு ஒன்று தவறியது. ஒரே ஒன்றுதான். "டாக்டர் எழுதின நேரத்துக்கு ஊத்தினேன்" என்றாள் அவள்.

"நான் நேரத்தைக் கேக்கல."

மருமகள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மாஸ்டர் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து எட்டு சின்ன மருந்து அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தார். எல்லாம் காலை மாலை சொட்டின் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் மாதம் எழுதியிருந்தது.

"பாட்டில் போயிரும். பெட்டியை நான் வச்சிருப்பேன். எதையும் தூக்கிப்போடுற பழக்கம் எனக்கு இல்ல."

"மனுஷங்களைத் தவிர" என்றான் டிக்கெட் வாசற்பெட்டியைப் பார்த்து.

"உன் வாயைத் தைக்கணும்."

"இடம் பொருத்தமாத்தான் இருக்கு."

தபால் மேடம் ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்துத் தட்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் மருந்துடன் வரும் விவரத்தாள் விழுந்தது. மேஜைமேல் எட்டுத் தாள்கள். அவர் அவற்றைத் தொடாமல் குனிந்து பார்த்தார். ஏழு தாள்கள் தீப்பெட்டி போலச் சப்பையாக, ஓரம் சீராக வெட்டியது போல இருந்தன. ஒன்று மட்டும் வயிறு புடைத்து, பெட்டியை விட்டு வந்ததில் நிம்மதி கொண்டு, மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

"டிக்கெட், இந்த மாதிரி தாளை நீ எப்பவாவது பிரிச்சிருக்கியா?"

"ஒரு தடவை. பிரிச்சா போர்வை மாதிரி விரிஞ்சுச்சு. திரும்ப மடிக்க அரை நாள் பார்த்தேன். பெட்டிக்குள்ள போகவே இல்ல. கடைசியில தாளை வெளிய வச்சுட்டு நான் உள்ள போயிரலாமான்னு பார்த்தேன்."

"கம்பெனி மடிப்பைப் பிரிச்சா மனுஷனால திரும்ப மடிக்க முடியாது. அவன் அவன் கைப்பழக்கத்துலதான் மடிப்பான். இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கேன். தையல்காரன் கடுதாசியை நாலா மடிப்பான். சின்னப் பிள்ளை சுருட்டும்." அவர் புடைத்த தாளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஏழு தாளை யாரும் படிக்கல. ரெண்டாவது மாசத்துத் தாளை மட்டும் ஒருத்தர் பிரிச்சுப் படிச்சிருக்காங்க. அதுக்கு அடுத்த மாசம்தான் மாஸ்டருக்குக் கசப்பு நின்னுபோச்சு. இப்ப மடிப்பைப் பாருங்க. ரெண்டு பக்கமும் உள்ள. அடிப்பாதி மேல."

டிக்கெட் விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். கடைசி மேஜையில் மடித்து அடுக்கியிருந்த ஐம்பது சட்டைகளும் அதே மடிப்பில் இருந்தன.

மாஸ்டருக்கு இதற்குமேல் தேவைப்படவில்லை. மிஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் பார்க்க வாசலுக்குப் போய், காலால் துழாவி, அந்த நீலப் பெட்டியை இழுத்துவந்து வெட்டுகிற மேஜைமேல் போட்டுத் திறந்தார்.

"மாமா, அதுல என் துணி இருக்கு" என்றாள் மருமகள்.

"உன் யோக்கியதையும் இருக்கும். பார்ப்போம்."

புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி, ஆறு மருந்துப் பாட்டில்கள். காலை மாலை சொட்டு. ஒன்றிலும் சீல் உடையவில்லை. கூடவே ஏழாவதாக, பாதி காலியான ஒன்று.

கூடத்தில் யாரோ 'அடிப்பாவி' என்றார்கள்.

"கேட்டுக்குங்க எல்லாரும்" என்று மாஸ்டர் சுற்றிலும் பார்த்துச் சொன்னார். அவர் பார்வை இடது பக்கம் வரை போகவில்லை, அங்கே நின்றவர்கள் கவனித்தார்கள். "சொட்டு சொட்டா என்னைக் குருடாக்கியிருக்கா. என்னத்தை ஊத்தினே? சொல்லுடி."

"கண்ணு காஞ்சுபோனா போடுற சொட்டு. மருந்துக்கடையில சீட்டு இல்லாமக் குடுப்பாங்க." மருமகள் அவரை நேராகப் பார்த்தாள். "ஆமா. நான்தான் மாத்தினேன். ராத்திரிச் சொட்டைத் தொடல. இதை மட்டும் மாத்தினேன். பேரு தெரியாம அது மேல தேதி டேப்பை ஒட்டுவேன்."

"ஏன்?" என்றார் தபால் மேடம்.

"அவரைக் கேளுங்க."

"என்னைக் கேக்கணுமா? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் கண்ணுல..." மாஸ்டர் கத்தினார். நின்றார். மறுபடி கத்தப் பார்த்தார். வாக்கியம் பாதியில் அறுந்தது. இரண்டு கைகளையும் மேஜை விளிம்பில் ஊன்றித் தோள்களை உயர்த்திக்கொண்டார். நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று வந்தது. மிஷின் ஓடாத கூடத்தில் அது எல்லாருக்கும் கேட்டது.

எல்லாருக்கும் முன்னால் அதை அடையாளம் கண்டுகொண்டவர் இஸ்திரிதான். அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

தபால் மேடம் புடைத்த தாளை முழுதாக விரித்து டிக்கெட்டிடம் நீட்டினார். "கோடு போட்டிருக்கிறதை மட்டும் படி."

பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு வரியின் கீழ் நீல சாக்குக்கட்டிக் கோடு இருந்தது. டிக்கெட் முதன்முறையாக நக்கல் இல்லாமல் படித்தான். "ஆஸ்துமா, மூச்சு இளைப்பு உள்ளவர்கள், முன்பு இருந்தவர்கள், இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து நேரலாம்."

"மாஸ்டர், அந்த டப்பாவைத் திறங்க" என்றார் தபால் மேடம்.

மாஸ்டரின் கை சாக்குக்கட்டி டப்பாமேல் இருந்தது. திறக்கவில்லை. விசில் பெரிதாயிற்று. உதடு வெளுத்தது. கண் குளியலறைக் கதவைத் தேடியது. கதவு இருபதடி தூரத்தில் இருந்தது, நடுவில் பன்னிரண்டு தையல்காரர்கள் நின்றார்கள்.

"அங்க வரைக்கும் போக முடியாது" என்றார் தபால் மேடம் மெதுவாக. "இங்கயே எடுங்க. இல்ல, மானத்தோட சாகணும்னா அதுவும் உங்க இஷ்டம்."

மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு சாக்குக்கட்டிகூட இல்லை. இஸ்திரியின் மேஜையில் இருப்பது போலவே ஒரு நீல மருந்து இருந்தது. எல்லார் கண்ணெதிரிலும் அதை வாயில் வைத்து இரண்டு முறை உறிஞ்சினார்.

"எத்தனை வருஷமா அத்தான்?" என்று கேட்டார் இஸ்திரி. குரலில் ஒரு சூடும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மாஸ்டர் டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டார். மருமகள் சொன்னாள்.

"உங்களுக்கு முன்னாடியே சின்ன மாமா. ரெண்டாவது சொட்டு வந்தப்புறம் ஜாஸ்தியாச்சு. ஊத்தின அரை மணி நேரத்துல இழுக்கும். ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியில நகமெல்லாம் நீலமா உக்காந்திருந்தாரு. நான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. கப்பல்ல இருக்கிற என் புருஷன் மேல. கூடத்துல ஒருத்தருக்கும், டாக்டருக்கும் சொல்லக் கூடாதுன்னு. அப்புறம்தான் தாளைப் பிரிச்சுப் படிச்சேன்."

"டாக்டர் கேட்டிருப்பாரே" என்றான் டிக்கெட். "முதல் நாளே ஒரு பேப்பரைக் குடுத்து, சர்க்கரை உண்டா, இளைப்பு உண்டான்னு கேப்பாங்க."

"கேட்டாரு" என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்து. "இல்லன்னு போட்டேன். என்கூட வந்தவன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான்." கூட வந்தவர் இஸ்திரிதான்.

தபால் மேடம் மருமகள் பக்கம் திரும்பினார். "உன்னை மெச்சுவேன்னு நினைக்காதே. மூச்சைக் காப்பாத்தினே, சரி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இளைப்பு இருக்கிறவங்களுக்கு ஒத்துக்கிற வேற சொட்டு குடுத்திருப்பாரு. கண்ணும் நின்னிருக்கும். டாக்டருக்குத் தெரியாம மருந்தை மாத்துறதுக்கு நீ யாரு? சத்தியம் உன்னோடது. போனது அவரோட இடது பக்கம்."

மருமகள் முகம் முதன்முறையாகக் கலங்கியது. "தெரியும். ஒவ்வொரு நாளும் அவரு நிலையில இடிச்சுக்கிறப்போ தெரியும். அதான் சீல் உடைக்காம எடுத்து வச்சேன். இன்னைக்கு இந்தப் பெட்டி நேரா டாக்டர் வீட்டுக்குத்தான் போகுது. வீட்டை விட்டு வெளிய போட்டவளுக்குச் சத்தியம் கிடையாது."

டிக்கெட் கண் மருத்துவமனைக்குப் போன் போட்டு மாஸ்டர் கையில் கொடுத்தான். பன்னிரண்டு பேரும் தலை குனிந்துகொண்டார்கள், காது குனியவில்லை.

"டாக்டர்... நான்தான்." மாஸ்டர் ஜன்னலோர மேஜைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு இளைப்பு இருக்கு. ரொம்ப வருஷமா. இல்லன்னு எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் டாக்டர் போட்ட சத்தம் மேஜை வரை கேட்டது. அந்தச் சொட்டு இனி ஒரு துளிகூடக் கூடாது. ராத்திரிச் சொட்டை நிறுத்தக் கூடாது. வேறு மருந்து எழுதித் தருகிறேன், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், அரை மணியில் வாருங்கள். ஊத்துகிறவர் யாரோ அவரையும் கூட்டி வாருங்கள்.

மாஸ்டர் போனை வைத்தார். பெட்டியை மூடி வாசலில் பழைய இடத்திலேயே வைத்திருந்தாள் மருமகள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்க ஐந்து நிமிடம். அவர் வாசலுக்கு நடந்தார். இடது கால் நேராகப் பெட்டியில் போய் மோதியது. விழப் போனவரை மருமகளின் கை, பழக்கத்தில், முழங்கையில் பிடித்து நிறுத்தியது. உடனே விட்டுவிட்டது.

"இது இங்கதான் நிக்குது மாமா. நீங்கதான் வைக்கச் சொன்னீங்க."

"உள்ள எடுத்து வை" என்றார் மாஸ்டர். மன்னிப்புக்குப் பக்கத்து வீடு வரை அவர் வந்தது அன்றைக்கு அவ்வளவுதான்.

அவள் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே போகவில்லை. மருத்துவமனைக்குப் போக டிக்கெட் வரவழைத்திருந்த வாடகைக் காரின் பின்பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட தேதியெல்லாம் நான் சொன்னாத்தான் சரியா இருக்கும், வர்றேன். அங்க இருந்து எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

மாஸ்டர் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். சட்டைப் பையில் டப்பா துருத்திக்கொண்டிருந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பது அவர் கைக்கு இன்னும் தெரியவில்லை, அதைப் பொத்திக்கொண்டே இருந்தது.

"ஏழு மணிக்கு யாரு ஊத்துறது?" என்று கேட்டார்.

மருமகள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் ஆவிக்கு நடுவே இஸ்திரி நின்றிருந்தார்.

"சின்ன மாமா இருக்காரே" என்றாள்.

"நான் தயார் அத்தான்" என்றார் இஸ்திரி. "ஏழு மணிக்கு மேஜைகிட்ட வந்துருங்க. தலையை நல்லாப் பின்னால சாய்க்கணும். மேல பார்க்கணும். என் கை கிட்ட வர்றப்போ பயந்துபோய் கண்ணை மூடிறக் கூடாது."